எண்ணிக்கையும் உரிமையும்: அரசியலமைப்புத் திருத்தம் குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

தெலுக் பங்லிமா காராங் பக்கமிருந்து லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கேரி தீவு வந்துவிடும். கோல லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்த இத்தீவு, ஓர் ஆங்கிலேயத் தோட்ட முதலாளியின் பெயரைத் தாங்கியது. முதலில் இரப்பரும் பின்னர் செம்பனையும் தீவின் பெரும்பகுதியை மூடின. தோட்டத்தோடு தமிழர் வந்தனர். தமிழரோடு கோயிலும் தமிழ்ப்பள்ளியும் வந்தன. அவர்களுக்கு நெடுங்காலம் முன்பிருந்தே அம்மண்ணில் வாழும் மா மெரி பூர்வக்குடியினர், மரச்சிற்பக் கலையால் உலகறிந்தவர்கள், இன்றும் தீவின் ஓரக் கிராமங்களில் வாழ்ந்து வருகின்றனர்.

நாட்டார் வழக்காற்றுக் களப்பணிக்காக மாணவர்களோடு அத்தீவுக்குச் சென்றிருந்தபோது நமக்கு ஓர் அனுபவம் வாய்த்தது. தாலாட்டும் ஒப்பாரியும் பாடிப் பதிவு செய்ய இசைந்த மூதாட்டி ஒருவர், பாடி முடித்தபின் சுருக்குப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். அது சிவப்பு அடையாள அட்டை. அதாவது நிரந்தர வசிப்பிடத் தகுதி உண்டு, குடியுரிமை இல்லை. "நான் இந்தத் தோட்டத்துலதான் பொறந்தேன் கண்ணு. பொறந்த பத்திரம் இல்லாம போச்சு. ஓட்டுன்னு ஒன்னு நான் போட்டதே இல்ல" என்று மாணவி ஒருவரிடம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, வானிலையைச் சொல்வது போலச் சொன்னார்.

திரும்பும் வழியில் மற்றொரு மாணவர் ஒரு வினாவை எழுப்பினார். "அரசியலமைப்பு மக்களுடையதுதானே? பெரும்பான்மை மக்கள் விரும்பினால் அதிலுள்ள எந்த உரிமையையும் மாற்றிக்கொள்வதில் என்ன தவறு?" பிற்காலத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றப் போகும் ஒருவர் எழுப்பிய நேர்மையான வினா அது. அன்று நாம் அளித்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. அவ்வினாவை முறையாக எதிர்கொள்ள இக்கட்டுரை முற்படுகிறது. சட்டவியலார்க்குரிய பொருளாயிற்றே என்று நம் துறையினர் ஒதுக்கிவிடக் கூடாது. அரசியலமைப்பும் ஒரு பனுவல். அதற்கும் மூலபாடம் உண்டு, உரைகள் உண்டு, பிற்சேர்க்கைகள் உண்டு. ஒரு சேர்க்கை யார் கையால், எப்பொழுது, எதன் பொருட்டுச் சேர்ந்தது என்று கேட்டுப் பழகியவர்கள் நாம்.

'மொழியை'யும் 'மொழியில்'உம்

தமிழாசிரியர்களின் வாழ்வோடு நேரடித் தொடர்புடைய பிரிவு 152. மலாய்மொழியைத் தேசிய மொழியாக நிறுவும் அப்பிரிவு, உடனடியாக இரு காப்புரைகளையும் தருகிறது. அலுவல் நோக்கங்களுக்கன்றிப் பிற மொழி எதனையும் பயன்படுத்துவதையோ, கற்பிப்பதையோ, கற்பதையோ யாரும் தடுத்தலாகாது என்பது ஒன்று. நாட்டிலுள்ள பிற சமூகங்களின் மொழிப் பயன்பாட்டையும் பயிற்சியையும் பேணி வளர்க்கும் அரசுகளின் உரிமைக்கு ஊறு நேராது என்பது மற்றொன்று. இவற்றுள் தமிழ் என்ற சொல் இல்லை. 'பிற மொழி' என்பதற்குள் தமிழ் அடங்குகிறது.

1982இல் மெர்டேக்கா பல்கலைக்கழக வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் இப்பிரிவை ஆராய்ந்தது. சீன மொழியைப் பயிற்று மொழியாகக் கொண்ட பல்கலைக்கழகம் அமைக்க இசைவு மறுக்கப்பட்டதே வழக்கின் பொருள். பெரும்பான்மைத் தீர்ப்பு ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டியது: ஒரு மொழியைக் கற்பிப்பது வேறு, ஒரு மொழியில் கற்பிப்பது வேறு. நம் இலக்கணத்தில் கூறுவதானால், இரண்டாம் வேற்றுமைக்கும் ஏழாம் வேற்றுமைக்கும் இடையிலுள்ள வேறுபாடு. 'தமிழைக் கற்பித்தல்' காக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. 'தமிழில் கற்பித்தல்' காக்கப்பட்டதா என்பது அத்தீர்ப்புக்குப் பின் வினாவாகவே தொங்கியது. ஐ, இல் என்னும் இரு உருபுகளுக்கிடையே நம் பள்ளிகள் நின்றன.

அவ்வினா பின்னர் நேரடியாகவே நீதிமன்றம் ஏறியது. தமிழ், சீனப் பள்ளிகளின் பயிற்றுமொழி 152ஆவது பிரிவுக்கு முரணானது என அறிவிக்கக் கோரிச் சில அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் 2021 டிசம்பர் 29இல் அக்கோரிக்கையை ஏற்க மறுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 நவம்பர் 23இல் அம்முடிவை உறுதி செய்தது. கூட்டரசு நீதிமன்றமும் மேலும் முறையிட இசைவு வழங்கவில்லை. கேரி தீவின் ஒரு தோட்டத்துப் பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளை கணிதத்தைத் தமிழில் பயில்வது, இவ்வாறு, தேர்தலில் எவரும் வாக்களித்து முடிவு செய்யாத ஒரு பனுவலின் பொருள்கோளைச் சார்ந்துள்ளது.

பூட்டும் திறவுகோலும்

அப்பனுவலை மாற்றும் அதிகாரம் யாரிடம் உள்ளது? மலேசியாவில் அரசியலமைப்பை மாற்றப் பொதுவாக்கெடுப்பு என்னும் முறை இல்லை. வாக்காளர் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றமே மாற்றுகிறது. 159ஆவது பிரிவின்படி ஈரவைகளிலும் மொத்த உறுப்பினருள் மூன்றில் இரு பங்கினர் இசைய வேண்டும். 1957 முதல் ஐம்பதுக்கும் மேற்பட்ட திருத்தச் சட்டங்கள் இவ்வழியில் நிறைவேறியுள்ளன.

சில பிரிவுகளுக்கு இரண்டாவது பூட்டும் உண்டு. 1969 மே 13 கலவரத்திற்குப் பின், 1971இல் மீண்டும் கூடிய நாடாளுமன்றம் செய்த திருத்தத்தால், குடியுரிமை பற்றிய மூன்றாம் பாகம், 152, 153 ஆகியவை உள்ளிட்ட பிரிவுகளை மலாய் ஆட்சியாளர் மன்றத்தின் ஒப்புதலின்றி மாற்ற இயலாது. அதே திருத்தம் பத்தாவது பிரிவில் ஒரு புதிய உட்பிரிவைச் சேர்த்தது. இவ்விதிகளைக் கேள்விக்குட்படுத்துவதைச் சட்டத்தால் தடை செய்ய அது நாடாளுமன்றத்திற்கு அதிகாரம் அளித்தது. நடைமுறைப்படுத்தலைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் விலக்களித்தது. நாம் இங்கே அவ்விதிகளைக் கேள்விக்குட்படுத்தவில்லை. பனுவலின் அமைப்பைக் கற்கிறோம். அமைப்பு நமக்குக் காட்டுவது இது: தமிழ் கற்பிக்கும் உரிமையைக் காக்கும் பூட்டும், சில பொருள்களைப் பற்றிப் பேசும் உரிமையைச் சுருக்கும் பூட்டும் ஒரே நாளில், ஒரே கொல்லரால் செய்யப்பட்டவை. ஆகவே 'பூட்டு நல்லது' என்றோ 'பூட்டு தீயது' என்றோ பொதுவில் கூறுவது பொருந்தாது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதே வினா.

இதனினும் வியப்புக்குரியது, இரண்டாம் பூட்டு இல்லாத இடம். அடிப்படை உரிமைகளைக் கூறும் இரண்டாம் பாகம், அதாவது 5 முதல் 13 வரையுள்ள பிரிவுகள், பத்தாவது பிரிவின் அந்த ஓர் உட்பிரிவு நீங்கலாக, மூன்றில் இரு பங்கு என்னும் ஒரே பூட்டோடு நிற்கின்றன. தனிமனித விடுதலை, சட்டத்தின் முன் சமத்துவம், சமய உரிமை ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். அப்பூட்டு திறந்ததற்குச் சான்றும் உண்டு. 1970களில் லோ கூய் சூன் என்பவர், கைதான தம்மை உரிய காலத்தில் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தவில்லை என்று வழக்குத் தொடுத்தார். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, 1976இல், நாடாளுமன்றம் ஐந்தாவது பிரிவை மாற்றியது. மாற்றம் விடுதலை நாள் முதலே நடைமுறையில் இருந்ததாகவும் கொள்ளப்பட்டது. அவர் சார்ந்திருந்த உரிமை, அவர் அதனைச் சார்ந்து நின்ற நாளிலேயே இல்லாததாயிற்று. 1977இல் கூட்டரசு நீதிமன்றம் அத்திருத்தம் செல்லும் என்றது.

மூன்றில் இரு பங்கு உறுப்பினர் என்பது மூன்றில் இரு பங்கு மக்கள் ஆகாது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். 2004 பொதுத்தேர்தலில் ஆளுங்கூட்டணி ஏறத்தாழ 64 விழுக்காட்டு வாக்குகளால் 219 இடங்களுள் 198ஐப் பெற்றது. அது பத்தில் ஒன்பது பங்கு. 2013இல் 47 விழுக்காட்டு வாக்குகளே பெற்றும் 222 இடங்களுள் 133 கிடைத்தன. எனவே 'மக்கள் விரும்பினால்' என்று மாணவர் சொன்னபோது, மக்கள் விருப்பமும் அவை எண்ணிக்கையும் ஒன்றே என அவர் கொண்டார். அக்கொள்கை நம் நாட்டுக் கணக்கில் நிறுவப்படவில்லை.

இலங்கை தந்த பாடம்

நம் நாட்டு அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையத்தின் ஐந்து உறுப்பினருள் ஒருவர் சர் ஐவர் ஜென்னிங்ஸ். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக விளங்கிய அவர், இலங்கையின் சோல்பரி அரசியலமைப்பு உருவானதிலும் பெரும்பங்கு ஆற்றியவர். ஒரே கையின் தடம் இரு பனுவல்களிலும் இருப்பதால் ஒப்பீடு தகும். தோட்டத் தமிழரின் வரலாற்றால் அது இன்றியமையாததும் ஆகிறது.

சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, எந்த ஒரு சமூகத்தின் மீதும் பிற சமூகங்களுக்கில்லாத தடையைச் சுமத்தும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றலாகாது என்று கூறியது. படித்தவுடன் மனநிறைவு தரும் வாசகம் அது. எனினும் விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. அதனால் மலையகத் தோட்டத் தமிழருள் ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் குடியுரிமை அற்றவராயினர். 1949இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு வாக்குரிமை குடிமக்களுக்கு மட்டும் உரியதாயிற்று. 1947 தேர்தலில் தம் பிரதிநிதிகளை அனுப்பிய மலையகம் 1952இல் ஒருவரையும் அனுப்ப இயலவில்லை. தொகுதிப் பங்கீட்டின்போது அம்மக்கள் மக்கள்தொகையாக எண்ணப்பட்டனர், வாக்காளராக எண்ணப்படவில்லை.

இங்கு நாம் நின்று நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 29ஆம் பிரிவு திருத்தப்படவே இல்லை. மூன்றில் இரு பங்கும் தேவைப்படவில்லை. 'குடிமகன் யார்' என்று ஒரு சாதாரணச் சட்டம் வரையறுத்தது, அவ்வளவே. தம் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கோரிய கோடகன் பிள்ளையின் வழக்கு 1953இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. தன் குடிமக்கள் யாவர் என்று வரையறுப்பது எந்நாட்டுச் சட்டமன்றத்திற்கும் இயல்பான அதிகாரமே. அதனை ஒரு சமூகத்தின் மீதான தடையாகக் கொள்ள முடியாது என்று அம்மன்றம் முடிவு செய்தது. வாசகம் அப்படியே இருந்தது. அதன் காப்பில் இருந்தவர்கள்தாம் வெளியே நிறுத்தப்பட்டனர்.

அதன்பின் நடந்தவை விரைவாகக் கூறத்தக்கவை. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. 1964இல் வேறொரு வழக்கில், 29ஆம் பிரிவின் காப்பு மாற்றவொண்ணாதது என்ற கருத்தைப் பிரிவி கவுன்சில் வெளியிட்டது. அப்பொழுது மலையகத் தமிழர் வாக்கிழந்து பதினைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. அதே ஆண்டில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்பாடு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கு பின்னர் தீர்க்கப்பட்டது. 1972இன் குடியரசு அரசியலமைப்பு 29ஆம் பிரிவையே கைவிட்டது. 2003இல் நிறைவேறிய சட்டத்தால்தான் எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்க வழி பிறந்தது. இடைப்பட்டவை ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

பேராளர் அவையை விட்டு மக்களிடமே நேரில் கேட்டால் தீர்வு கிட்டாதா என்று வினவலாம். இலங்கை அதனையும் செய்து பார்த்தது. 1977இல் ஏறத்தாழ 51 விழுக்காட்டு வாக்குகளால் 168 இடங்களுள் 140ஐப் பெற்ற கட்சி, 1982 டிசம்பர் 22இல் பொதுவாக்கெடுப்பு நடத்தியது. ஏறத்தாழ 55 விழுக்காட்டு ஆதரவால், தேர்தலே நடத்தாமல் அந்நாடாளுமன்றத்தின் ஆயுள் நீட்டிக்கப்பட்டது. வாக்காளர் தம் வாக்காலேயே தம் அடுத்த வாக்கைத் தள்ளிவைத்தனர். சுவிட்சர்லாந்தில் 2009இல் பள்ளிவாசல் கோபுரங்களைத் தடை செய்ததும் பொதுவாக்கெடுப்பே.

நீதிமன்றம் போதுமான காவலா?

பெரும்பான்மையை நம்ப இயலாதெனில் நீதிபதிகளை நம்பலாம் என்பது எதிர்த்தரப்பின் வாதம். இந்திய உச்சநீதிமன்றம் 1973 ஏப்ரல் 24இல், கேசவானந்த பாரதி வழக்கில், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் சிதைக்க இயலாது என்று அறிவித்தது. பதின்மூவர் அமர்வில் எழுவர் அப்பக்கம், அறுவர் மறுபக்கம். எண்ணிக்கைக்கு அஞ்சி நீதிமன்றம் சென்றோர்க்கு அங்கும் எண்ணிக்கையே விடையளித்தது.

மலேசிய நீதிமன்றங்கள் அக்கோட்பாட்டை 1977இல் ஏற்கவில்லை. 2010இல் சிவராசா ராசையா வழக்கில் ஏற்றன. 2017இலும் 2018இலும் வலுப்படுத்தின. 2021இன் சில தீர்ப்புகளில் பெரும்பான்மை நீதிபதிகள் அதனை மீண்டும் ஐயுற்றனர். 2018 ஜனவரி 29இல் வந்த இந்திரா காந்தி வழக்குத் தீர்ப்பு நம் சமூகம் நன்கறிந்தது. பெற்றோருள் ஒருவரின் இசைவு மட்டும் கொண்டு செய்யப்பட்ட பிள்ளைகளின் மதமாற்றம் செல்லாது என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். மழலையர் பள்ளி ஆசிரியையான அத்தாய் வழக்கில் வென்றார். ஆயினும் வென்ற பின்னும் ஆண்டுக்கணக்காக இளைய மகள் அவரிடம் வந்து சேரவில்லை. தீர்ப்பு உரிமையை அறிவிக்கும். மகளைக் கைப்பிடித்து அழைத்து வராது.

நீதிமன்ற மேலாதிக்கத்தை மறுப்போரின் வாதத்தையும் நேர்மையாக முன்வைக்க வேண்டும். உரிமைகள் எவை என்பதிலேயே நல்லோர்க்கிடையில் கருத்து வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டை ஒரு சில நீதிபதிகள் தீர்ப்பதைவிட, அனைவரும் சமமாகப் பங்கேற்கும் சட்டமன்றம் தீர்ப்பதே மனித மதிப்புக்கு ஏற்றது என்பார் அறிஞர் ஜெரமி வால்ட்ரன். வலிமையான வாதம் இது. தம் மாணவரை மதிக்கும் ஆசிரியர் எவரும் இதனை எளிதில் ஒதுக்கார். ஆனால் 2006இல் எழுதிய கட்டுரையில் அவர் தம் வாதத்திற்கு முன்நிபந்தனைகள் சிலவற்றை வகுத்துள்ளார். வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை உள்ள, ஒழுங்காக இயங்கும் சட்டமன்றம் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அந்நிபந்தனை நிறைவேறாத இடத்தில் வாதமும் நிற்காது. கேரி தீவின் மூதாட்டி அந்நிபந்தனைக்கு வெளியே இருக்கிறார். 1952இன் மலையகமும் வெளியே இருந்தது.

நம் முடிபு இவ்விடத்தில்தான் தோன்றுகிறது. வாக்காளர் தம் அரசியலமைப்பை மாற்றலாம், மாற்றவும் வேண்டும். ஆனால் வாக்காளர் யார் என்பதை வாக்காளர் மட்டுமே முடிவு செய்வது தகாது. குடியுரிமை, வாக்கு, பேச்சு, சட்டத்தின் முன் சமநிலை ஆகியவை ஆட்டத்தில் வெல்லும் பொருள்கள் அல்ல, ஆட்டக்களத்தின் எல்லைக்கோடுகள். அவற்றை ஒரு தரப்பின் எண்ணிக்கை மட்டும் நகர்த்துமாயின், அதன்பின் நடைபெறும் எந்த வாக்கெடுப்பையும் மக்களின் முடிவென்று அழைக்கும் தகுதி குறைந்துவிடுகிறது.

2024ஆம் ஆண்டுத் திருத்தம்: ஓர் உரைகல்

இம்முடிபை அண்மை நிகழ்வொன்றில் உரசிப் பார்க்கலாம். 2024 அக்டோபர் 17இல் மக்களவை குடியுரிமை பற்றிய அரசியலமைப்புத் திருத்தத்தை 206 வாக்குகளால் நிறைவேற்றியது. அதன் முதற்கூறு பாராட்டுக்குரியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தந்தைக்கு இருந்த குடியுரிமை வழங்கும் தகுதி மலேசியத் தாய்க்கு இல்லாதிருந்தது. 2021இல் உயர்நீதிமன்றம் தாய்மார் பக்கம் நின்றது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் அதனை மாற்றியது. நீதிபதிகள் மறுத்ததை வாக்காளரின் பேராளர்கள் வழங்கினர். 2001இல் பாலின அடிப்படையிலான பாகுபாட்டை எட்டாவது பிரிவு தடை செய்ததும், 2019இல் வாக்களிக்கும் வயது 18ஆகக் குறைக்கப்பட்டதும் இவ்வகையினவே. திருத்தம் உரிமையின் பகை என்பார்க்கு இவை தக்க மறுமொழி.

இரண்டாம் கூறு வேறு வகையானது. 1957இன் மூலபாடப்படி இம்மண்ணில் பிறந்த குழந்தை, சில விலக்குகள் நீங்கலாக, குடிமகன் ஆயிற்று. 1962இல் அது சுருக்கப்பட்டு, பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றாயிற்று. 2024இல் 'நிரந்தரவாசி' என்னும் சொல்லும் நீக்கப்பட்டது. இனிப் பிறக்கும் நிரந்தரவாசிகளின் பிள்ளைகள், மற்றப் பெற்றோர் குடிமகனாக இல்லாவிடில், பிறப்பால் குடிமக்கள் ஆகார். சிவப்பு அட்டை வைத்திருப்பவர் இதுவரை தம்மிடம் இல்லாததைத் தம் பிள்ளைக்குத் தர முடிந்தது. அவ்வாயில் மூடப்படுகிறது. 206 உறுப்பினருள் ஒருவரையேனும் தேர்ந்தெடுக்கும் வாக்கு அப்பெற்றோரிடம் இல்லை. எண்ணிக்கை விதி முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது; ஆயினும் இழப்போர் எண்ணிக்கைக்குள் இல்லை.

மூன்றாவதாக ஒன்று நிகழ்ந்தது. நாம் அதனையே மிகுதியும் போற்றுகிறோம். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கும் நாடற்றோர்க்கும் இயல்பாகக் கிடைத்துவந்த குடியுரிமைக் காப்பை நீக்கும் முன்மொழிவுகள் முதலில் வரைவில் இருந்தன. பொது அமைப்புகளும் வழக்கறிஞர்களும் எழுப்பிய எதிர்ப்பால் 2024 மார்ச்சில் அவை கைவிடப்பட்டன. கண்டெடுக்கப்பட்ட குழந்தைக்கு வாக்கும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. அக்குழந்தைக்காகப் பிறர் பேசினர். அக்காப்பு நிலைத்ததற்குக் காரணம் பேச்சு. பத்தாவது பிரிவின் உண்மையான மதிப்பு இதுவே எனலாம்.

நம் எழுத்தின் குறை

இவ்விடத்தில் நம்மையே நாம் திறனாய்வு செய்துகொள்ள வேண்டியுள்ளது. மலேசியத் தமிழில் உரிமை பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் இரு சொற்கள் தடுமாறிக் கிடக்கின்றன: 'சலுகை', 'உரிமை'. தமிழ்ப்பள்ளிக்குக் கிடைப்பதைச் சலுகை என்று எழுதுகிறோம். நன்றி தெரிவித்து முடிக்கிறோம். 152ஆவது பிரிவு சலுகையைப் பற்றிப் பேசவே இல்லை. மறுபுறம், 153ஆவது பிரிவின் வாசகம் 'சிறப்பு நிலை' என்பதாகும். நம் ஏடுகள் அதனைச் 'சிறப்புரிமை' என்றே மொழிபெயர்த்துப் பழகிவிட்டன. மூலத்தில் இல்லாத சொல்லை நம் கையால் சேர்ப்பதற்கு நம் துறையில் ஒரு பெயர் உண்டு: இடைச்செருகல்.

நம் எழுத்தின் மற்றொரு குறை, உரிமையை நமக்கு மட்டும் எண்ணுவது. நாம் களப்பணிக்குச் சென்ற அதே தீவில் மா மெரி மக்கள் வாழ்கின்றனர். பூர்வக்குடியினரின் பாதுகாப்பிற்கும் நலனுக்கும் சட்டம் இயற்ற எட்டாவது பிரிவு இடமளிக்கிறது. ஆயின் 153ஆவது பிரிவு மலாய்க்காரரையும் சபா, சரவாக் சுதேசிகளையும் குறிக்கும். தீபகற்பப் பூர்வக்குடியினரை அது பெயர் சுட்டவில்லை. எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மையாகும் வாய்ப்பு அரிதான மக்கள் அவர்கள். லங்காட் வடிநிலத்தைச் சேர்ந்த புக்கிட் தம்போய் தெமுவான் மக்கள் சாகோங் தாசி வழக்கில் தம் மரபு நில உரிமையை 2002இலும் 2005இலும் நீதிமன்றத்தில் நிலைநாட்டினர். தமிழ் இதழ்களில் அவ்வழக்கைப் பற்றி நாம் எழுதியது எவ்வளவு? தோட்டம் உருவானபோது நம் முன்னோர் வெட்டிய காடு யாருடையது என்ற வினாவையேனும் நம் தோட்டப்புற நாவல் ஆய்வுகள் எழுப்பியிருக்க வேண்டும். சிறுபான்மையின் உரிமையை எண்ணிக்கையிலிருந்து காக்க வேண்டும் என்று வாதிடுவோர், தம்மினும் சிறிய எண்ணிக்கையினரை மறந்துவிட்டு அவ்வாதத்தைச் சொல்ல இயலாது.

முடிவுரை

1968இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடிமக்கள் அல்லாதார் பணிபுரியப் பெர்மிட் பெற வேண்டியதாயிற்று. அதன் விளைவாகத் தோட்டப்புறத் தமிழருள் பல்லாயிரவர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். ஏறிச் சென்றவர்களுள் பலர் ஒரு படிவத்தை உரிய காலத்தில் நிரப்பாதவர்கள், நிரப்பத் தெரியாதவர்கள். அரசியலமைப்பு அவர்களுக்கு எதிராக எழுதப்படவில்லை. அதனை அவர்களுக்குப் படித்துச் சொல்ல அருகில் ஒருவர் இல்லை.

அன்று வண்டியில் மாணவர் எழுப்பிய வினாவுக்கு இன்று நம் விடை இது. மக்கள் மாற்றலாம், ஆனால் மூன்றைக் கேட்டுவிட்டு மாற்றட்டும். மாற்றம் உரிமையை விரிக்கிறதா, சுருக்குகிறதா? சுருக்குமாயின், இழப்போர்க்கு அம்முடிவில் வாக்கு உண்டா? வாக்கு இல்லையெனில், அவர்க்காகப் பேசுவோர்க்குத் தடையற்ற நா உண்டா? மூன்றாவதற்கும் 'இல்லை' என்றே விடை வருமானால், அம்மாற்றத்திற்கு எத்துணைப் பெரிய எண்ணிக்கை இசைந்தாலும் அது மக்களின் முடிவாகாது. சிலர் மீது பலர் எடுத்த முடிவாகும்.

நம் துறை செய்யத்தக்க பணி எளியது. அரசியலமைப்பின் 5 முதல் 13 வரையுள்ள பிரிவுகளையும், 14, 152, 159 ஆகியவற்றையும் பிழையற்ற தமிழில், சொல்தோறும் குறிப்புரையோடு, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் கையில் கொடுக்கலாம். ஓர் உருபு பிறழ்ந்தால் பாட்டின் பொருள் மாறும் என்று வகுப்பில் நாள்தோறும் சொல்கிறோம். நம் பள்ளிகள் நிற்கும் பிரிவையும் அதே கவனத்தோடு படிக்கக் கற்பிப்போம். அடுத்த முறை கேரி தீவுக்குச் செல்லும்போது ஒலிப்பதிவுக் கருவியோடு குடியுரிமை விண்ணப்பப் படிவங்களையும் எடுத்துச் செல்வதென நாமும் மாணவரும் முடிவு செய்துள்ளோம். பாட்டைப் பெற்றுக்கொண்டு வெறுங்கையோடு திரும்பியது போதும்.